போர்க்களத்துப் பண்ணை வீடுகள்: ரோர்க்ஸ் டிரிஃப்டில் பையன் முன்னால் மூக்கறுபட்டேன், அசல் வீடு எங்கே இருக்கிறது?

கிளென்கோ பேரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். தமிழில் தட்டச்சு எனக்கு இன்னும் தகராறுதான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன விடுமுறையில் குடும்பத்தோடு ரோர்க்ஸ் டிரிஃப்ட் போனோம். வழியெல்லாம் பையனுக்குக் கதை சொல்லிக்கொண்டே கார் ஓட்டினேன். 1879 ஜனவரி 22, ஆங்கிலேயர்-ஜூலு போர், ஆற்றோரம் ஒரு வியாபாரி கட்டிய வீடு, அதை ஆஸ்பத்திரியாக்கி வைத்திருக்கிறது ஆங்கிலேயப் பட்டாளம், உள்ளே நூற்றைம்பது பேர் சொச்சம், வெளியே மூவாயிரம் நாலாயிரம் ஜூலு வீரர்கள், கூரை பற்றி எரிகிறது, உள்ளே இருந்தவர்கள் அறைக்கு அறை சுவரை இடித்து ஓட்டை போட்டு நோயாளிகளை இழுத்துக்கொண்டு தப்பிக்கிறார்கள் என்று ஒரே அமர்க்களம். உள்ளே போனதும் பையன் சுவரைத் தடவித் தடவி அந்த ஓட்டை எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டான். அங்கிருந்த வழிகாட்டி சிரித்துக்கொண்டே, அந்த வீடு அன்றைக்கே எரிந்துபோயிற்று, இது அதே இடத்தில் பிறகு மிஷன்காரர்கள் எழுப்பியது என்றார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான் பாருங்கள், அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

தப்பு என்னுடையதுதான், படிக்காமல் போனேன். ஆனால் கேள்வி மண்டையைக் குடைகிறது. சண்டை நடந்த அன்று நின்ற வீடு, இன்றைக்கும் அதே சுவரோடு அதே இடத்தில் நிற்கிறது என்று சொல்லக்கூடிய பண்ணை வீடு வடக்கு நேட்டாலில் ஏதாவது உண்டா? இன்னொரு காரணமும் இருக்கிறது. அம்மாவின் தாத்தா கிளென்கோ பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அம்மாவுக்கு 72 வயது, அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்கிறார். இரண்டு நாள்தான் கிடைக்கும். பக்கி, அதாவது பிக்கப் வண்டி இல்லை, சாதாரண சின்னக் கார்.

டண்டீ வாசி எழுதியது:

தம்பி, நீ வீட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறாய்! ரோர்க்ஸ் டிரிஃப்ட் போக டண்டீ வழியாகத்தானே போயிருப்பாய்? ஊருக்கு வெளியே, ஃப்ரைஹைட் போகிற ஆர் 33 சாலையில் ஒன்றரை கிலோமீட்டர் போனால் தலானா அருங்காட்சியகம். நீ கேட்டது அங்கே இருக்கிறது.

அது பீட்டர் ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்துக்காரரின் பண்ணை. தன் ஊர்ப் பெயரைத்தான் இந்த ஊருக்கும் வைத்தார், டண்டீ. ஆடு மாடு வளர்க்க வந்தவருக்கு நிலத்தில் கரி கிடைத்தது, முதலில் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சந்தையில் விற்றார்கள், 1882-ல் ஊரே உருவாகிவிட்டது. அதாவது உன் அம்மாவின் தாத்தா இந்தப் பக்கம் வந்ததற்கே ஒரு வகையில் அந்தப் பண்ணைதான் காரணம் என்று சொல்லலாம்.

சண்டை 1899 அக்டோபர் 20. ஆங்கிலேயர்களுக்கும் டச்சு வழிவந்த போயர் குடியானவர்களுக்கும் நடந்த இரண்டாம் போயர் போரின் முதல் பெரிய சண்டை. விடிகாலை மூடுபனி விலகுகிறது, தலானா குன்றின் உச்சியில் போயர் தளபதி லூகாஸ் மேயரின் ஆட்கள் வரிசையாக நிற்பது முகாமிலிருந்து தெரிகிறது, கொஞ்ச நேரத்தில் குண்டு வந்து விழுகிறது. (இங்கே மூடுபனி சும்மா வராது. எதிர்ப்பக்கம் இம்பாடி மலையில் இன்னொரு போயர் படை ஏராஸ்மஸ் தலைமையில் உட்கார்ந்திருந்தது, பனியில் ஒன்றும் தெரியாமல் கடைசிவரை இறங்கவே இல்லை. இறங்கியிருந்தால் கதை வேறு.) ஆங்கிலேயர்கள் ஊரிலிருந்து ஓடை தாண்டி ஸ்மித் பண்ணையின் தைல மரத் தோப்புக்குள் புகுந்தார்கள். தோப்பு, பண்ணை வீடு, அதற்கு மேலே மாடு மறிக்கக் கட்டிய கல் சுவர், அதற்கு மேலே திறந்த சரிவு. ஆங்கிலேயத் தளபதி பென் சைமன்ஸ் தானே அந்தக் கல் சுவர்ப் பக்கம் போய் ஆட்களை விரட்டியபோது வயிற்றில் குண்டு பட்டது, மூன்று நாள் கழித்து ஊரில் செத்துப்போனார். மேலே ஏறியவர்கள் மேல் அவர்களுடைய பீரங்கியே குண்டு போட்ட கொடுமையும் நடந்தது. கீழே பண்ணை வீடுகளில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டார்கள்.

அந்த வீடுகள்தான் இன்றைக்கும் நிற்கின்றன. ஸ்மித்தின் சின்ன வீட்டுக்குள் அந்தக் காலத்துக் கட்டில், அடுப்பு, பாத்திரம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். பெரிய தலானா வீட்டில் போர்களைப் பற்றிய காட்சி. பின்னால் கல்லறைத் தோட்டம், அதற்குப் பின்னால் குன்றுக்குப் பாதை. நீ கேட்ட மாதிரி சுவரைத் தடவிப் பார்க்கலாம், பையனும் முறைக்க மாட்டான். நிலக்கரிச் சுரங்கத்துக்குத் தனிப் பகுதியும் உண்டு. அம்மாவை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போ.

சுண்ணாம்பு மேஸ்திரி எழுதியது:

இருபது வருஷமாகப் பழைய வீடு பழுது பார்ப்பதுதான் பிழைப்பு என்பதால் இரண்டு வார்த்தை. "அசல்" என்று கேட்கிறீர்கள், ஆனால் எந்தப் பண்ணை வீடும் முழு அசலாக இருக்காது. கூரை முதலில் வைக்கோலாக இருந்திருக்கும், பிறகு நெளி தகரம் வந்திருக்கும், அந்தத் தகரமும் துருப்பிடித்து மாற்றப்பட்டிருக்கும். தரைப் பலகையைக் கரையான் தின்றிருக்கும். திண்ணை, அதாவது இங்கே எல்லோரும் ஸ்டூப் என்கிறோமே, அதை யாரோ ஒரு மருமகள் காலத்தில் அடைத்து அறையாக்கியிருப்பார்கள். மிஞ்சுவது சுவர்தான், சுவர் பிழைத்தால் வீடு பிழைத்தது.

அந்தச் சுவர் எப்படிப்பட்டது என்றால், பக்கத்துக் குன்றிலிருந்து எடுத்த கல், இடையில் மண் சாந்து. ஆமாம், வெறும் களிமண். மேலே சுண்ணாம்புப் பூச்சு. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்பு வழியாக மெதுவாக ஆவியாகிப் போய்விடும், சுவர் மூச்சு விடும் என்போம். அதன் மேல் ஒரு புண்ணியவான் சிமெண்ட் பூசினால் தீர்ந்தது கதை. ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று மண் சாந்தைக் கூழாக்கும், உப்புப் பூத்துப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும், கூடவே கல்லின் முகமும் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு பண்ணை வீட்டில் முதலாளி சொன்னார் என்று சிமெண்ட் பூசியிருக்கிறேன். மூன்று மழைக்காலம் தாங்கவில்லை. கொத்தி எடுக்கப் போனபோது சுவர் கையோடு வந்தது. அந்தப் பாவம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நம் பழைய கோயில்களுக்கும் இதே கதிதான், கும்பாபிஷேகம் என்றாலே சிமெண்ட் மூட்டையும் எனாமல் பெயிண்டும் வந்து இறங்கிவிடும், சரி, அது வேறு சண்டை.

இந்த நாட்டில் 60 வருஷத்துக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் அனுமதி இல்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது. 1999-ல் வந்த 25-ஆம் எண் மரபு வளச் சட்டம், 34-ஆம் பிரிவு. வீடு சொந்தமாக இருந்தாலும் அதேதான். குவாசூலு-நேட்டாலில் அமாஃபா என்கிற அமைப்பிடம் போக வேண்டும். உங்கள் பாட்டி வீட்டுக்கும் இது பொருந்தும், பலருக்குத் தெரியாது.

அப்புறம் ரோர்க்ஸ் டிரிஃப்டைப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். கீழே இருக்கும் இடம் அதே இடம்தான். சோள மூட்டையும் பிஸ்கட் பெட்டியும் அடுக்கிய அரண் எந்தக் கோட்டில் போயிற்று என்று தரையில் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்குள் நின்று பாருங்கள், எவ்வளவு சின்ன இடம் என்று அப்போது தெரியும். அதை எந்த அசல் சுவராலும் காட்ட முடியாது.

பேரக்ஸ் பையன் எழுதியது:

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன். வெள்ளைக்காரப் பண்ணையாரின் கட்டிலும் அடுப்பும் பத்திரமாக இருக்கிறது, சந்தோஷம். நம் ஆட்கள் படுத்த இடம் எங்கே? நான் பிறந்தது டர்பன் மேகசின் பேரக்ஸில். மாநகராட்சி வேலைக்காரர்கள், பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள், தலைமுறை தலைமுறையாக இருந்த இடம். கோயில், நாடகம், கால்பந்து எல்லாம் அதற்குள்ளேதான். 1960-களில் எங்களை லாரியில் ஏற்றி சாட்ஸ்வர்த்தில் இறக்கிவிட்டு அதை இடித்தார்கள். தடவிப் பார்க்க ஒரு சுவர் இல்லை. கரும்புத் தோட்டத்து லைன் வீடுகளும் அப்படித்தான், சுரங்கத்துக் காம்பவுண்டுகளும், அதாவது தொழிலாளர் குடியிருப்புகளும் அப்படித்தான். தகரத்தில் கட்டினால் எது நிற்கும்?

போர்க்களம் என்றாலே யார் வீடு காப்பாற்றப்படுகிறது என்று கொஞ்சம் யோசியுங்கள். ஜூலு வீரர்களின் வீடுகள் எத்தனை எரிந்தன?

டண்டீ வாசி எழுதியது:

அண்ணே, கோபம் நியாயம், மறுக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கல்லில் கட்டினவன் வீடும் அந்தப் போரில் நிற்கவில்லை. 1900-லிருந்து 1902 வரை ஆங்கிலேயர்கள் போயர் நாடுகளான டிரான்ஸ்வாலிலும் ஃப்ரீ ஸ்டேட்டிலும் கொளுத்திய போயர் பண்ணை வீடுகள் சுமார் 30,000. பெண்களையும் குழந்தைகளையும் முகாமில் அடைத்தார்கள், இருபத்தாறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள், அந்தப் பண்ணைகளில் வேலை செய்த கறுப்பின மக்களுக்குத் தனி முகாம், அங்கே செத்தவர்களைச் சரியாக எண்ணக்கூட இல்லை. அப்படிப் பார்த்தால் தலானா வீடு பிழைத்தது அது நேட்டால் பக்கம், பிரிட்டிஷ் குடியானவன் வீடு என்பதால்தான். நின்ற வீடு கொடுத்து வைத்த வீடு. உங்கள் கேள்வி அப்படியேதான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

நியூகாசல் அக்கா எழுதியது:

இரண்டு பேருமே என் ஊரை மறந்துவிட்டீர்கள்! தம்பி கேட்டதற்கும் பேரக்ஸ் அண்ணன் கேட்டதற்கும் சேர்த்து ஒரே சாலையில் பதில் இருக்கிறது.

நியூகாசலிலிருந்து ஃபோக்ஸ்ரஸ்ட் போகிற வழியில் மஜூபா மலை அடிவாரத்தில் ஓ'நீல் குடிசை என்று ஒரு பண்ணை வீடு. குடிசை என்பது பெயருக்குத்தான், உறுதியான வீடு. அது 1899 போர் இல்லை, அதற்கு முந்தைய முதல் போயர் போர். 1881 பிப்ரவரி 27 அன்று மஜூபா உச்சியில் ஆங்கிலேயத் தளபதி ஜார்ஜ் கோலி உள்பட 92 பேர் செத்தார்கள், போயர் பக்கம் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். இந்த வீட்டை ஆஸ்பத்திரியாக்கினார்கள். அப்புறம் அதே வீட்டில்தான் ஆங்கிலேயத் தளபதி ஈவ்லின் வுட் ஒரு பக்கம், போயர் தலைவர்கள் க்ரூகர், ஜூபேர், பிரிட்டோரியஸ் ஒரு பக்கம் உட்கார்ந்து மார்ச் 21-ல் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். காயம்பட்டவன் முனகிய அறைக்கு மூன்று வாரம் கழித்து மேசை நாற்காலி போட்டிருக்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் போகும்போதும் இது தோன்றும்.

சரி, இப்போது நம் கதை. 1913 அக்டோபரில் காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து வந்த பதினோரு பெண்கள், ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, நியூகாசல் சுரங்கங்களுக்குப் போய்ப் பேசினார்கள். கூலி ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் தலைக்கு வருஷம் மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்ததே, அதை எதிர்த்து வேலையை நிறுத்துங்கள் என்று. நிறுத்தினார்கள். பெண்களைப் பிடித்து மூன்று மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் போட்டார்கள். காந்தி நியூகாசலில் தங்கியது லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டில், சின்ன வீடு, அதற்குள் அலை அலையாக ஆட்கள். சுரங்கக்காரர்கள் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தியதும் குடும்பத்தோடு மூட்டை முடிச்சைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. நியூகாசலிலிருந்து சார்ல்ஸ்டவுன் 36 மைல், இரண்டு நாள் நடை. நவம்பர் 6-ல் டிரான்ஸ்வால் எல்லை தாண்டியபோது 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள்.

சார்ல்ஸ்டவுன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். மஜூபாவுக்கு அந்தப் பக்கம், லேங்ஸ் நெக் கணவாயைத் தாண்டினால் வருகிறது. நம் ஆட்கள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடேறியது அந்தப் பழைய போர்க்களத்தின் வழியாகத்தான். அந்தச் சண்டை முடிந்து அப்போதே 32 வருஷம், அந்தப் பண்ணை வீடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. அண்ணே, நம் ஆட்கள் படுத்த இடம் இல்லை, உண்மைதான். நடந்த இடம் இருக்கிறது.

இன்னொன்று, கிளென்கோ பேரனுக்கு. காந்தி மேல் வழக்கு நடந்தது டண்டீயில், நவம்பர் 11, ஒன்பது மாதக் கடுங்காவல். நடந்து போனவர்களை டிரான்ஸ்வாலில் மடக்கி சிறப்பு ரயில்களில் திருப்பி அனுப்பினார்கள், சிறையில் இடம் இல்லை என்று சுரங்கக் காம்பவுண்டுகளையே டண்டீ, நியூகாசல் சிறைகளின் கிளை என்று அறிவித்தார்கள். சுரங்கத்து வெள்ளைக்கார ஊழியர்களே காவலாளிகள். உங்கள் அம்மாவின் தாத்தா அந்த வருஷம் அங்கே இருந்தாரா என்று அம்மாவைக் கேளுங்கள்.

பேரக்ஸ் பையன் எழுதியது:

அக்கா, காம்பவுண்டையே சிறையாக்கினது எனக்குத் தெரியாது. மஜூபா பக்கம் பத்துத் தடவையாவது லாரி ஓட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. அடுத்த தடவை நிறுத்துகிறேன். எரிச்சல் மட்டும் போகவில்லை, சொல்லிவிடுகிறேன்.

கிளென்கோ பேரன் எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. இப்படி வந்து கொட்டுவீர்கள் என்று நினைக்கவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். வருஷமெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொன்னார், இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தாத்தாவுக்கு ரொட்டி பிடிக்காதாம். வீட்டில் யாராவது ரொட்டியில் சர்க்கரை தூவித் தின்றால் எழுந்து வெளியே போய்விடுவாராம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கிழவருக்குக் கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள். அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இதை வைத்து அவர் நடந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. வெறும் கிறுக்காகவும் இருக்கலாம்.

திட்டம் இப்படி: சனிக்கிழமை விடிகாலை கிளம்பி டண்டீ, தலானா, இரவு அங்கேயே தங்கல். ஞாயிறு நியூகாசல் வழியாக மஜூபா, ஓ'நீல் வீடு, சார்ல்ஸ்டவுன் வரை போய்த் திரும்பல். சின்னக் கார் போகுமா? தலானா குன்றில் அம்மாவால் ஏற முடியுமா?

டண்டீ வாசி எழுதியது:

தலானாவுக்குக் கடைசிவரை தார்ச் சாலை, கவலை வேண்டாம். மண் சாலை என்றால் ரோர்க்ஸ் டிரிஃப்ட் பக்கம்தான், அதைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டாயே. அம்மாவைக் குன்றில் ஏற்றாதே, உச்சிவரை கல்லும் முள்ளும். வீடுகளும் சுரங்கப் பகுதியும் அடிவாரத்தில்தான், நிழலும் உண்டு. நீயும் பையனும் கல் சுவர்வரை போய்விட்டு வாருங்கள், பென் சைமன்ஸ் அடிபட்ட இடத்தில் கல் குவித்து வைத்திருப்பார்கள், அதற்கு மேல் வேண்டுமானால் போகலாம். காலை பத்து மணிக்கு முன்னால் ஏறினால் மூடுபனியில் ஒன்றும் தெரியாது, ஏராஸ்மஸ் கதிதான்.

நியூகாசல் அக்கா எழுதியது:

மஜூபா பக்கம் காற்று அடிக்கும், அம்மாவுக்குக் கம்பளி எடுத்துக்கொள். ஞாயிறு மதியம் சாப்பாடு என் வீட்டில். புளிச்சாறும் மீனும் செய்து வைக்கிறேன், ரொட்டி கிடையாது.